நிழலிலும் வெயில் உண்டு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வீட்டுக்குள் புகும் புற ஊதாக் கதிரைக் குறைப்பது பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் சிலர் புன்னகை செய்ததைக் கவனித்தோம். காலை முதல் மாலை வரை வயலில் வெயிலைத் தாங்கி நிற்கிற உழவரிடம் வந்து, திண்ணையில் விழுகிற வெளிச்சத்தைப் பற்றி எச்சரிப்பதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நியாயமான கேள்வியே. வீட்டுக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் வேலை செய்கிறவர் மீது ஓராண்டில் படுகிற புற ஊதாக் கதிர், வெளியில் உழைப்பவர் மீது படுவதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆயினும், அந்தச் சிறு பங்கையும் தாங்கமாட்டாதவர்கள் ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டை விட்டால் வேறு புகலிடம் கிடையாது. அவர்களை முன்னிட்டே இன்று பேசுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதத்தில், மானாவாரிச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஐம்பத்தெட்டு வயதுள்ள உழவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். முகமும் பிடரியும் புறங்கைகளும் கறுத்துத் தடித்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தன. இரவெல்லாம் அரிப்பு, உறக்கமில்லை. நிலக்கடலைக் காட்டிலும் வரப்பிலும் பார்த்தீனியச் செடியைப் பல ஆண்டுகள் வெறுங்கையால் பிடுங்கியதன் விளைவு அது. 1950களில் பூனாப் பக்கத்தில் முதன் முதலாகக் கண்ணில் பட்ட அந்தக் களை இன்று நாடெங்கும் பரவியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் தூளும் மகரந்தமும் பட்டுச் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாகிறது. அது முற்றிப்போனால், அவர்களுள் சிலரது தோலுக்கு வெளிச்சமே பகையாகிவிடுகிறது. பிறகு செடியை விட்டு விலகியிருந்தாலும், வெளிச்சம் பட்டால் புண் கிளம்பும்.

“வெயிலில் போகாதே என்று டாக்டர் சொன்னார். வெயிலில் கால் வைத்து நாலு மாதமாயிற்று, ஐயா. நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். குணம் காணவில்லையே!” என்றார் அவர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் திண்ணை வடக்குப் பார்த்தது. ஐப்பசி முதல் மாசி வரை அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. மருத்துவர் சொன்னதிலும் பிழையில்லை. அப்படியானால் தவறு எங்கே? அந்தத் திண்ணைக்கு எதிரே வீடில்லை, மரமில்லை. ஒரு வேலிகூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அகன்ற வானம் முழுவதும் தெரிந்தது. அவர் வெயிலிலிருந்து தப்பினார், வானத்திலிருந்து தப்பவில்லை.

இதைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். சூரியன் நமக்கு மூவகைப் பொருளை அனுப்புகிறது. ஒன்று வெளிச்சம், அதைக் கண் காண்கிறது. மற்றொன்று வெப்பம், அதைத் தோல் உணர்கிறது. மூன்றாவது புற ஊதாக் கதிர். அதைக் கண்ணும் காணாது, தோலும் உணராது. ஜெர்மனி நாட்டு அறிஞர் ரிட்டர் என்பார் 1801ஆம் ஆண்டில், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே வானவில்லைப் போலப் பிரித்து, ஊதா நிறத்துக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளி உப்பை வைத்துப் பார்த்தார். அங்கேதான் அது மிக விரைவாகக் கறுத்தது. அவ்வாறு கண்டறியப்பட்ட கதிர் இது.

ரிட்டரை விடுங்கள். உங்கள் வீட்டு நைலான் கொடிக்கயிற்றைப் பாருங்கள். இரண்டு கோடை கழிந்தால் அது தொட்டவுடன் தூளாக உதிர்கிறது. நெற்களத்தில் விரிக்கிற தார்ப்பாயும் அப்படியே கிழிகிறது. வெயிலின் சூட்டால் கெட்டது என்று நாம் சொல்கிறோம். சூடுதான் காரணமானால், அடுப்பங்கரையில் கட்டிய கயிறல்லவா முதலில் உதிர வேண்டும்? அது பல ஆண்டு கிடக்கிறது. கயிற்றை உதிர்ப்பது சூடன்று. புற ஊதாக் கதிரே. ஆகவே, ஓர் இடம் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் அங்கே இந்தக் கதிர் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் இக்கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும். போர்வை போர்த்திக்கொண்டு நடுங்குகிற அந்த ஊரில், தெளிந்த வானமுள்ள நண்பகலில், சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இக்கதிர் விழுகிறது!

இக்கதிரை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சூரியனிலிருந்து வரும் சி வகையை வானத்து ஓசோன் படலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. பி வகையில் பெரும்பகுதியையும் தடுக்கிறது. ஏ வகை ஏறத்தாழ அப்படியே வந்து சேர்கிறது. தோலைச் சுட்டுப் புண்ணாக்குவதிலும், கண்ணுக்குக் கேடு செய்வதிலும் பி வகைக்குப் பெரும் பங்குண்டு. ஏ வகை வீரியம் குறைந்ததாயினும் அளவில் மிகுதி. தோலுக்குள் ஆழமாகவும் இறங்குகிறது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது? சூரிய ஒளியில் உள்ள நீலம் காற்றில் பட்டு நாற்புறமும் சிதறுவதால்தான். நீலத்தைவிட அதிகமாகச் சிதறுவது புற ஊதா. தெளிந்த வானத்து நண்பகலில்கூட, தரைக்கு வரும் பி வகைக் கதிரில் ஏறத்தாழப் பாதி சூரியனிலிருந்து நேராக வருவதன்று. வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சிதறி வருவது. ஒற்றைப் பனைமரத்து நிழலில் நிற்கிறவர் நேர்க்கதிரிலிருந்து தப்புகிறார். சிதறிய கதிர் அவர்மீது வந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக் கூரையும் அப்படித்தான். அது தலைக்கு நேர் மேலே உள்ள வானத்தை மறைக்கிறது. வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் எவ்வளவு வானம் தெரிகிறதோ, அவ்வளவு கதிர் உள்ளே வரும். எனவே வீட்டில் அளக்க வேண்டியது வெயிலையன்று, தெரிகிற வானத்தை. அதற்குக் கருவி வேண்டாம். அவரவர் கண்ணே போதும்.

ஆனால், கண்ணை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தாயார் நின்றுகொண்டு வெளியே பார்த்தால், இறவாணத்துக்குக் கீழே சிறிதளவு வானமே தெரியும். அவருடைய குழந்தை அதே இடத்தில் பாயில் மல்லாந்து கிடக்கிறது. அதன் கண்ணிலிருந்து பார்த்தால் வானம் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இறவாணம் தரையிலிருந்து ஏழு அடி உயரம். திண்ணை இரண்டு அடி உயரம். இறவாண விளிம்பிலிருந்து மூன்று அடி உள்ளே பாய் விரித்திருக்கிறது. அடிவானத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வானம் அந்தக் குழந்தைக்குத் தெரிகிறது. பாயை எட்டடி உள்ளே தள்ளிப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செலவு ஒன்றுமில்லை, பாயை இழுத்துப் போடுகிற வேலைதான்.

குழந்தையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டவர் தோலில் உள்ள கருநிறம் ஓரளவு கவசமாக இருக்கிறது. வெள்ளையரைப் போல நமக்குத் தோல் புற்றுநோய் மிகுதியாக வருவதில்லை. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் வில்லைக்கு அந்தக் கவசம் கிடையாது. பல்லாண்டுக் காலம் சேர்ந்து படும் புற ஊதாக் கதிர், கண்புரை வருவதற்கும் கருவிழியின் மேல் சதை வளர்வதற்கும் உதவி செய்கிற காரணங்களில் ஒன்று. முதியவர் கண்வில்லை ஓரளவேனும் அக்கதிரை வடிகட்டும். சிறு குழந்தையின் வில்லை தெளிந்த பளிங்கு போன்றது. விழித்திரை வரை அதிகமாக உள்ளே விட்டுவிடும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால், காலை பத்து மணி வெயிலில் திண்ணையோரம் கிடத்துகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் காமாலையைக் குறைக்கும் என்பது உண்மையே. 1950களில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைச் செவிலியர் கண்ட குறிப்பிலிருந்தே அந்தச் சிகிச்சை பிறந்தது. ஆனால் குணம் தருவது நீல ஒளி, புற ஊதாவன்று. மருத்துவமனையில் வைக்கும் விளக்கு நீல விளக்கே. வீட்டு வெயிலில் கிடத்தினால் அளவும் தெரியாது, தோல் சுடும், காமாலை மிகுந்தால் மூளைக்கே ஆபத்து நேரும் வேளையில் காலமும் வீணாகும். மஞ்சள் கண்டால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதுபோலவே, வைட்டமின் ‘டி’ வேண்டுமென்று குழந்தையைச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காட்டுவதும் பயனற்றது. அந்தச் சத்தை உண்டாக்குவது பி வகைக் கதிர். கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கைக்குழந்தைகளுக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ‘டி’ சொட்டு மருந்து தரவேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் கூறுகிறார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு நடந்துகொள்ளலாம்.

கண்ணாடி என்றதும் இன்னொரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி பி வகையைத் தடுக்கும். ஏ வகையைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பார்த்தீனிய ஒவ்வாமை முற்றியவர்களுள் சிலர், கண்ணாடிச் சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தும் துன்பப்படுவது இதனால்தான். வெண்புள்ளி நோய்க்குச் சொராலென் என்னும் மருந்து கொடுத்துப் புற ஊதா ஒளி காட்டுகிற சிகிச்சை உண்டு. அந்த மருந்துப்பொருள் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போக அரிசியிலும் இருக்கிறது. அதை உட்கொண்டவருக்கும் பூசிக்கொண்டவருக்கும் ஏ வகைக் கதிர் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மருந்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடிச் சன்னலோரம் தையல் இயந்திரத்தில் உட்காருவது ஆகாது. அளவும் நேரமும் மருத்துவர் சொன்னபடியே இருக்கவேண்டும்.

லூபஸ் என்னும் நோய் பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது; வெளிச்சம் பட்டால் முகத்தில் சிவந்த படை எழுவதோடு, மூட்டு வலியும் காய்ச்சலும் மிகும். பிறவியிலேயே தோலிலும் தலைமயிரிலும் கருநிறமின்றி வெண்மையாகப் பிறந்த குழந்தைகள் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கவசமே கிடையாது. தோல் புற்றுநோயும் அவர்களுக்கு உண்மையான அபாயமே. எலிக் காய்ச்சலுக்கும் யானைக்கால் நோய்க்கும் கொடுக்கிற டாக்சிசைக்ளின் மாத்திரை, உண்கிற நாள் வரையில் தோலைக் கூச்சமுள்ளதாக ஆக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தவேண்டா, நிழலைக் கூட்டிக்கொண்டால் போதும். உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்பது ஊராட்சி உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அவர்களைப் பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பந்தல் போடத் துணை நிற்கச் சொல்லுகிறோம்.

பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். கீற்றுக் கூரையும் நாட்டு ஓட்டுக் கூரையும் தாழ இறங்கியிருந்தன. குனிந்தால்தான் நுழைய முடியும். உயரமானவர் நெற்றியில் இடித்துக்கொள்வார். மண் சுவரில் சாரல் படாமலிருக்கவே அப்படிக் கட்டினார்கள். புற ஊதாவை அவர்கள் அறியமாட்டார்கள். ஆயினும் அந்தத் தாழ்வாரம் வானத்தை மறைத்தது. பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. கீற்றுக் குடிசை தீப்பிடித்தது, மழைக்கு ஒழுகியது, பாம்பும் தேளும் குடியிருந்தன. அரசாங்கம் குடிசைகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தது நன்மையே. 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பசுமை வீடு 300 சதுர அடி. 2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இத்தனை சிறிய வீட்டில் நம் மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? உறங்குவதற்கும் சாமான் வைப்பதற்கும் உள்ளே. மற்ற வேலையெல்லாம் வாசற்படியில். அரிசி புடைப்பது, பீடி சுற்றுவது, பூக் கட்டுவது, குழந்தைக்குச் சோறூட்டுவது அனைத்தும் அங்கேதான். அந்த வாசலுக்கு மேலே ஏழடி உயரத்தில் ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் உட்கார்ந்தவருக்கு ஏறக்குறைய வானம் முழுவதும் தெரியும். கூரை மாறியது, தாழ்வாரம் போயிற்று. போனதை யாரும் கவனிக்கவில்லை. நாமும் அந்த உழவரைப் பார்க்கும் வரை கவனித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பரிகாரம் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொள்வதன்று. இதை அழுத்தமாகச் சொல்லுகிறோம். காற்றோட்டமில்லாத வீட்டில் காசநோய் எளிதில் பரவும். அடுப்புப் புகை பெண்களின் நெஞ்சைக் கெடுக்கும். காற்று வரவேண்டும், வெளிச்சம் வரவேண்டும், வானம் மட்டும் குறைவாகத் தெரியவேண்டும். அதற்கு வாசலுக்கு முன்னால் ஆறு அல்லது ஏழு அடி அகலத்தில் ஒரு பந்தல் போடுங்கள். அவரை, புடலை, பீர்க்கு, பாகல், கோவை எதை வேண்டுமானாலும் ஏற்றிவிடுங்கள். பச்சை இலை இக்கதிரை விழுங்கிவிடும். திருப்பி அனுப்புவது மிகச் சொற்பம். காய் வருவது வட்டி. தெற்கும் மேற்கும் மட்டும் பார்த்தால் போதாது. வானம் எந்தப் பக்கம் அகன்று தெரிகிறதோ அந்தப் பக்கம் போடவேண்டும். இடமுள்ளவர்கள் வேம்பு, புங்கு வைக்கலாம். தென்னை நிழலை நம்பவேண்டா. கீற்றுகளுக்கு இடையே வானம் கண் சிமிட்டும்.

கடையில் விற்கும் பச்சை நிழல்வலையைப் பலர் வாசலில் கட்டுகிறார்கள். ஐம்பது விழுக்காட்டு வலை பாதி வெளிச்சத்தை உள்ளே விடும், நாற்றங்காலுக்கு ஏற்றது, நோயாளிக்குப் போதாது. எழுபத்தைந்து அல்லது தொண்ணூறு விழுக்காட்டு வலை மேல். கூரையில் வெளிச்சத்துக்காகப் பதிக்கும் தகட்டில் பாலிகார்பனேட் தகடு இக்கதிரைப் பெரும்பாலும் தடுக்கும். வெறும் பாலித்தீன் தாள் தடுக்காது.

சன்னல் திரைக்கு விலையுயர்ந்த துணி தேவையில்லை. வெளுக்காத காடாத் துணியே நல்லது. சலவை செய்து வெளுத்த மெல்லிய துணியைவிட, வெளுக்காத பருத்தி நூலில் இயற்கையாக உள்ள பொருள்கள் இக்கதிரை அதிகமாக உறிஞ்சுகின்றன. நெசவு நெருக்கமாக இருக்கவேண்டும்; வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இழைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக ஒளி தெரியக் கூடாது. பழைய சேலையானால் இரட்டையாக மடித்துத் தொங்கவிடலாம். குளிர்ச்சிக்காகத் திரையை நனைத்துப் போடுகிற வழக்கம் உண்டு. நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த நேரத்தில் எச்சரிக்கை வேண்டும்? இதற்கு உழவருக்குக் கடிகாரம் காட்டத் தேவையில்லை. அடி நிழலால் பொழுது அளந்த பரம்பரை நம்முடையது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரையில் இக்கதிர் வலுவுள்ளது. நம் பக்கத்தில் அது ஏறத்தாழக் காலை ஒன்பதரை முதல் பிற்பகல் மூன்று வரை. புற ஊதாவின் வலிமையை எண்ணால் குறிக்கிறார்கள். மூன்றுக்கு மேல் போனால் பாதுகாப்பு வேண்டும், பதினொன்றும் அதற்கு மேலும் மிகக் கடுமை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறது. அந்நாட்களில் தெளிந்த வானத்து நண்பகலில் தமிழ்நாட்டில் பதினொன்றைத் தாண்டுவது வழக்கமே. மெல்லிய மேகம் சூட்டைக் குறைக்கும். இதைக் குறைப்பது கொஞ்சமே.

இதுவரை வானத்திலிருந்து வருவதைச் சொன்னோம். மனிதன் உண்டாக்குவதும் உண்டு. அதில் தலையாயது வெல்டிங் பட்டறை. இன்று பட்டறை இல்லாத ஊர் அரிது. பெரும்பாலும் வீட்டு முகப்பிலேயே வேலை நடக்கிறது. வெல்டிங் சுடர் மூன்று வகைக் கதிரையும் கக்குகிறது. ஓசோன் படலம் தடுத்து வைத்த சி வகையும் அதில் அடக்கம். வேலை செய்கிறவர் முகமூடி பிடித்துக்கொள்கிறார். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கு முகமூடி ஏது? அன்று பகலில் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தும், நீர் வடியும், கண்ணைத் திறக்க முடியாது. அப்போது தாய்ப்பால் விடுவார்கள்; பச்சிலைச் சாறு பிழிவார்கள்; சிலர் விளக்கெண்ணெய் விடுவார்கள். இவை ஒன்றும் வேண்டா. கருவிழியின் மேல்தோல் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும்போது இவற்றால் கிருமி சேர்ந்து, குழிப்புண் உண்டாகிப் பார்வையே போகலாம். சும்மா விட்டாலே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும் புண் அது. கண்ணைக் கசக்காமல், இருண்ட அறையில் இருக்கச் செய்து, மறுநாள் காலையில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டியதில்லை. அவரும் பிழைக்க வேண்டியவரே. தெருப்பக்கம் ஆறடி உயரத்துக்குத் தகரத் தட்டி ஒன்று, சக்கரம் வைத்து நகர்த்தும்படி செய்துகொள்ளச் சொல்லுங்கள். தகரமும் அவரிடம் உண்டு. பற்றவைக்கும் கையும் அவருடையதே. ஊராட்சி உரிமம் கொடுக்கும்போது இந்தத் தட்டியை ஒரு நிபந்தனையாக வைக்கலாம் என்பது நம் யோசனை.

மற்றொன்று கிருமி கொல்லும் விளக்கு. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களில் சி வகைக் கதிர் விளக்கு எஃகுக் குழாய்க்குள் எரிகிறது. மூடியிருக்கும் வரையில் தீங்கில்லை. மின்சாரத்தை நிறுத்தாமல் திறந்து பார்க்கக் கூடாது. ஊராட்சியின் குடிநீர் நிலையத்தில் வேலை செய்கிறவருக்கு இதைச் சொல்லிவையுங்கள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில், அறையைத் தூய்மை செய்யும் என்று சொல்லித் திறந்த விளக்குகளைப் பலர் வாங்கினார்கள். அவற்றைக் கைக்கும் தோலுக்கும் காட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே எச்சரித்தது. ஆள் இருக்கிற அறையில் அதை ஏற்றினால், சில நிமிடங்களிலேயே வெல்டிங் சுடர் செய்த வேலையை அது செய்துவிடும். மற்றபடி, எல்.இ.டி. பல்பைக் கண்டும் தொலைக்காட்சியைக் கண்டும் கைப்பேசியைக் கண்டும் புற ஊதாவுக்காக அஞ்சவேண்டியதில்லை. அவற்றில் வேறு கெடுதல் உண்டா என்பது வேறு பேச்சு. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அந்த உழவர் என்ன ஆனார் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். சொல்லுகிறோம். அவரது கட்டிலைத் திண்ணையிலிருந்து எடுத்து நடைக்கு உள்ளே, வாசலிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டார்கள். சன்னலுக்குக் காடாத் திரை வந்தது. வாசலில் அவரைப் பந்தல் எழுந்தது. அவருடைய மகனும் அண்டை வீட்டாரும் கையுறை போட்டுக்கொண்டு, சுற்றுப்புறப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கி அப்புறப்படுத்தினார்கள். மருத்துவர் கொடுத்த மருந்தும் தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்துச் சென்றபோது பிடரித் தடிப்பு குறைந்திருந்தது. இரவில் உறங்குவதாகச் சொன்னார். முற்றும் குணமாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். பகலில் காட்டுக்குப் போக அவரால் இன்னும் முடியவில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல், முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக வரப்பு வரை நடந்துவிட்டு வருகிறார். “கடலையைக் கண்ணால் பார்த்தாலே பாதி நோய் போகிறது” என்றார்.

நேரமாகிறது. சாப்பாட்டுக்கு முன்பு இந்த ஊர் அங்கன்வாடிக்கு எல்லோரும் போய்வரலாம் என்று ஊராட்சித் தலைவர் சொல்லுகிறார். அங்கே குழந்தைகள் உறங்கும் இடத்தில் நாம் ஒவ்வொருவராகப் பாயில் படுத்துப் பார்ப்போம். வேட்டி அழுக்காகுமே என்று தயங்கவேண்டா. சன்ஷேடு எத்தனை அடி, எவ்வளவு வானம் தெரிகிறது என்று அளந்து எழுதிக்கொண்டால், மே முதல் நாள் கிராம சபையில் பந்தலுக்கு எவ்வளவு மூங்கில் வேண்டும் என்று கணக்குச் சொல்லலாம். கிளம்புவோம்.